எல்ஸ்மியரின் பனிக்கணக்கு

எல்ஸ்மியர் தீவைப் பற்றிப் பேச்செடுத்தால் வரும் முதல் கேள்வி, "அங்கே பனியைத் தவிர என்ன இருக்கிறது?" தீவில் பாதிக்கு மேல் பனியே கிடையாது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. கனடாவின் வடகோடியில், 76 டிகிரி அட்சரேகையில் தொடங்கி 83 டிகிரியைத் தாண்டிப் போகும் தீவு. அதன் வடகரையிலிருந்து வட துருவத்துக்கு 800 கிலோமீட்டர்கூட இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் பனி இல்லாத நிலமா? கணக்கு அப்படித்தான் சொல்கிறது. தீவின் பரப்பு ஏறக்குறைய 1,96,000 சதுர கிலோமீட்டர். அதில் பனி மூடியிருப்பது சுமார் 80,000. மீதியெல்லாம் வெறும் பாறை, சரளை, சேறு, அங்கங்கே கொஞ்சம் பச்சை.

இணைய வரைபடங்களும் இந்தத் தீவுக்கு நியாயம் செய்வதில்லை. உருண்டையான பூமியைத் தட்டையாக விரிக்க அவை பயன்படுத்தும் மெர்கேட்டர் முறையில் 80 டிகிரி அட்சரேகைக்குப் போனால் பரப்பு முப்பது மடங்குக்கு மேல் ஊதிவிடும். திரையின் மேல் ஓரத்தில் ஏதோ கண்டம் மாதிரி பரந்து கிடக்கும். உண்மையில் பிரிட்டன் தீவைவிடச் சற்றே சின்னது. உலகின் பத்தாவது பெரிய தீவு.

வரைபடத் தரவு சரிபார்ப்பதுதான் என் பிழைப்பு. நாள் முழுக்கச் சாலைகள், நில எல்லைகள், கட்டட மூலைகள். ராத்திரியில் இவை எதுவுமே இல்லாத ஓரிடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதில் ஒரு சுகம். அப்படிப் பார்க்க ஆரம்பித்ததுதான் எல்ஸ்மியர். நேரில் போனதில்லை, போகும் வசதியும் இல்லை. சென்டினல்-2 செயற்கைக்கோளின் படங்கள் இலவசம், ஒரு பிக்சல் என்பது தரையில் பத்து மீட்டர். பழகிய கண்ணுக்கு அதுவே நிறையக் காட்டும். ஒரே தொல்லை, அக்டோபர் நடுவில் சூரியன் போய்விட்டால் பிப்ரவரி கடைசி வரை கடை அடைப்பு. ரேடார் படங்கள் இருட்டிலும் வரும், ஆனால் அந்தப் புள்ளி இரைச்சலோடு எனக்கு இன்னும் சமாதானம் ஏற்படவில்லை.

இத்தனை நாள் பார்த்ததில் எனக்குப் புரிந்த விஷயம் ஒன்று. இந்தத் தீவின் பனி, நிறைய விழுந்து குவிந்த பனி அல்ல. விழுவது சொற்பம், விழுந்தது கரையாமல் கிடக்கிறது. எல்ஸ்மியர் ஒரு பாலைவனம். மேற்குப் பக்கத்தில் யுரேகா என்றொரு வானிலை நிலையம் 1947-லிருந்து இருக்கிறது. அங்கே ஒரு வருடத்தில் விழும் மழை, பனி எல்லாவற்றையும் உருக்கிச் சேர்த்து அளந்தால் 80 மில்லிமீட்டர்கூடத் தேறாது. பிப்ரவரிச் சராசரி மைனஸ் 37 டிகிரியை ஒட்டி இருக்கும். ஜூலையில் 6 டிகிரி. பனி உருகும் அந்தச் சில கோடை வாரங்கள் மட்டும்தான் செலவுக் காலம். வருமானம் கொஞ்சமே ஆனாலும் காலணா வெளியே விடாத கருமியிடம் சொத்து சேர்வது போலத்தான் இந்தப் பனி சேர்ந்திருக்கிறது, ஆயிரக்கணக்கான வருடங்களாக. அப்படிப்பட்ட சொத்துக்கு ஆபத்து வரவு குறைவதால் வராது. செலவு கொஞ்சம் கூடினாலே போதும்.

இதைப் புரிந்துகொண்டால் பனி எங்கே கிடக்கிறது, எங்கே இல்லை என்பதும் விளங்கிவிடும். தென்கிழக்கில் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்' பனிப்பரப்பு. அதற்குக் கிழக்கே, கிரீன்லாந்துக்கும் இந்தத் தீவுக்கும் நடுவில், 'நார்த் வாட்டர்' என்ற கடல்பகுதி. குளிர்காலத்திலும் முழுதாக உறையாத இடம் அது. வடக்கே நேர்ஸ் நீரிணையின் குறுகலில் கடல்பனி வளைவாக இறுகி அடைத்துக்கொள்ளும். வடக்கிலிருந்து பனி இறங்கி வராது. இந்தப் பக்கம் புதிதாக உறைவதைக் காற்று தெற்கே தள்ளிக்கொண்டே இருக்கும். திறந்த தண்ணீர் இருந்தால் ஈரம் உண்டு, ஈரம் இருந்தால் பனி விழும். அந்தப் பனிப்பரப்பின் கிழக்குச் சரிவு செழிப்பாக இருப்பதும், பனியாறுகள் கடலைத் தொட்டுப் பனிப்பாறைகளை உடைத்துவிடுவதும் அதனால்தான்.

வடக்கில் கதை வேறு. ஆர்க்டிக் சமுத்திரம் பக்கத்திலேயே இருந்தும் உறைந்து கிடப்பதால் ஈரம் தருவதில் கஞ்சத்தனம். ஆனால் மலைகள் உயரமானவை. பார்போ சிகரம் 2,616 மீட்டர். கிழக்குக் கனடாவில், ராக்கி மலைகளுக்கு இந்தப் பக்கம், அதைவிட உயரமான மலை கிடையாது. 1967-ல்தான் முதன்முதலாக ஏறினார்கள். படத்தில் பார்த்தால் மலை மாதிரியே தெரியாது. பனி பள்ளத்தாக்குகளை நிரப்பி மேலே வரை வந்துவிட்டதால், கறுத்த முகடுகள் மட்டும் வெள்ளையைக் கிழித்துக்கொண்டு நிற்கும். நிழலின் நீளத்தை வைத்துத்தான் உயரத்தை ஊகிக்க வேண்டும்.

அந்த மலைகளின் தென்புறத்தில் இருக்கிறது எனக்கு மிகவும் பிடித்த இடம், ஹேசன் ஏரி. வடமேற்கில் மலைச்சுவர், அதன்மேல் பனி. சுவர் ஈரத்தைத் தடுத்துவிடுகிறது, கடல் மேகத்தையும் தடுத்துவிடுகிறது. கோடையில் 24 மணி நேரமும் வெயில் அடிக்கும்போது மறைக்க மேகமில்லை. அதனால் 82 டிகிரி அட்சரேகைக்குச் சற்றுக் கீழே, சுற்றுவட்டாரத்தைவிட வெதுவெதுப்பான ஒரு பள்ளம் உருவாகியிருக்கிறது. கஸ்தூரி எருது மேய்கிறது. ஆர்க்டிக் முயல்கள் கூட்டம் கூட்டமாகத் திரிகின்றன. ஓநாய்கள் உண்டு, மனிதர்களை அதிகம் பார்த்திராததால் பயமில்லாமல் பக்கத்தில் வந்து நிற்கும் என்று அங்கே வேலை பார்த்த ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். சுமார் நாலாயிரத்து ஐந்நூறு வருடங்களுக்கு முன்பே மனிதர்கள் இந்தப் பக்கம் வேட்டையாடி வாழ்ந்த தடயங்களும் கிடைத்திருக்கின்றன.

ஏரியின் பரப்பு 540 சதுர கிலோமீட்டருக்கு மேல், ஆழம் 260 மீட்டருக்கு மேல். இத்தனை தண்ணீரில் மீன் இனம் ஒன்றே ஒன்றுதான், ஆர்க்டிக் சார். ஜூலை படங்களில் ஏரியைக் கூர்ந்து பார்த்தால் முதலில் கரையோரம் மட்டும் ஒரு மெல்லிய கருநீலக் கோடு திறக்கும். நடுவில் பனி மிதந்துகொண்டிருக்கும். அப்புறம் பனியாற்று ஓடைகள் கலக்கும் முகங்களில் பழுப்பு விசிறி விரிய ஆரம்பிக்கும். பாறையைப் பனி அரைத்த மாவு அது, வண்டலாக ஏரிக்குள் இறங்குகிறது. சில வருடங்களில் நடுப்பனி கரைந்து முடிவதற்குள் கோடை முடிந்துவிடும். சில வருடங்களில் ஏரி முழுக்கத் திறந்துவிடும். அண்மைக் காலத்தில் பனியாற்று நீர்வரத்து கூடி, ஏரியின் பனி குறைந்துவருவதாக 2018-ல் ஓர் ஆய்வு வந்தது. அந்தப் பழுப்பு விசிறிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அதில் ஆச்சரியம் இருந்திருக்காது.

எல்ஸ்மியரின் பனியில் இன்னொரு விசித்திரம், அதில் பெரும்பகுதி நகர்வதே இல்லை என்று சொல்லுமளவுக்கு மெதுவானது. பனியாறு என்றாலே பூமியைச் சுரண்டிப் பள்ளத்தாக்கு வெட்டும் என்றுதான் பாடப்புத்தகத்தில் படித்தோம். கடலுக்கு இறங்கும் தடித்த, வேகமான பனியாறுகள் அப்படிச் செய்யும். ஆனால் மெலிந்த பனித்தொப்பிகளும் பனியாற்று ஓரங்களும் அடித்தரையோடு உறைந்து ஒட்டிக்கொண்டவை. வழுக்க அடியில் தண்ணீர் இல்லை. அதனால் தங்களுக்கு அடியில் இருப்பதை அவை அழிப்பதில்லை. அப்படியே மூடி வைக்கின்றன.

தீவின் நடுவே ஸ்வெர்ட்ரப் கணவாய். அங்கே டியர்டிராப் என்றொரு சின்னப் பனியாறு. அது பின்வாங்கப் பின்வாங்க, ஓரத்தில் கறுத்துப்போன பாசிகள் வெளியே வந்தன. 'சிறு பனிக்காலம்' என்கிற சில நூற்றாண்டுக் குளிரில், ஏறக்குறைய 400 வருடங்களுக்கு முன், பனி மேலேறி மூடியபோது மாட்டிக்கொண்டவை அவை. தண்டு, இலை, அடுக்கு எதுவும் கலையவில்லை. ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் கேத்தரின் லா ஃபார்ஜ் குழுவினர் பார்த்தபோது, செத்ததாக நினைத்த சில தண்டுகளின் நுனியில் பச்சைத் துளிர். ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் அரைத்துப் போட்டு வளர்த்தார்கள், வளர்ந்தது. 2013-ல் வெளியான செய்தி. ஒரு பனியாறு தரையைச் சுரண்டாத வகையாக இருந்ததால்தான் இது நடந்தது. பாசியைப் பற்றி அதற்கு முன்பு நான் யோசித்ததே கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மண்ணும் மரமும் இல்லாத நிலம் என்பதால் பாறை ஆய்வாளர்களுக்கு இது திறந்த அலமாரி. 2004-ல் தீவின் தெற்கில், நீல் ஷூபின், டெட் டாஷ்லர் குழுவுக்கு டிக்டாலிக் கிடைத்தது. 37 கோடியே 50 லட்சம் வருடங்களுக்கு முந்தைய மீன். துடுப்புக்குள் மணிக்கட்டு எலும்பு. ஸ்ட்ராத்கோனா ஃபியோர்டு (மலைகளுக்கு நடுவே நீண்டு நுழையும் கடல்) பக்கம் ஐந்து கோடி வருடத்துக்கு முந்தைய முதலை இன எலும்புகளும், 35 லட்சம் வருடத்துக்கு முந்தைய ஒட்டகத்தின் கால் எலும்புத் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. ஒட்டகம்! இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இங்கே நுழைந்தால் வெளியே வர மாட்டேன்.

வடகரைக்குப் போவோம். தீவின் ஆகப் பெரிய இழப்பு அங்கேதான்.

அங்கே நிலத்தோடு ஒட்டிக்கொண்டு கடல்மேல் மிதக்கும் தடித்த பனித்தட்டுகள் இருந்தன. அண்டார்க்டிகாவில் பனியாறு கடலுக்குள் நீண்டு இப்படி உருவாகும். இங்கே பெரும்பாலும் அப்படியல்ல. கரையோரக் கடல்பனி வருடக்கணக்கில் உருகாமல் நின்று, மேலே பனி விழுந்து, கீழே தண்ணீர் உறைந்து, தடித்துக்கொண்டே போய்ப் பல ஆயிரம் வருடங்களில் உருவானவை. இவற்றின் மேற்பரப்பு சமமாக இராது. காற்றின் திசையில் நீளமான வரப்பும் பள்ளமுமாக, உழுத நிலத்தின் சால்கள் கிலோமீட்டர் கணக்கில் நீண்டது மாதிரி. கோடையில் ஒவ்வொரு பள்ளத்திலும் உருகிய நீர் நிற்கும். படத்தில் அது பக்கத்தில் பக்கத்தில் இழுத்த நீலக் கோடுகளாகத் தெரியும். வேறெங்கும் இப்படி ஒரு வரியை நான் பார்த்ததில்லை. கடல்பனியா, பனித்தட்டா என்ற சந்தேகம் வந்தால் இந்தக் கோடுகளைத் தேடினால் போதும்.

1906-ல் ராபர்ட் பியரி இந்தக் கரையோரமாக நாய்வண்டியில் போனபோது இந்த மேடுபள்ளங்களைக் குறித்து வைத்தார். அந்தக் காலத்தில் வடகரை நெடுக ஒரே தட்டாக, ஏறத்தாழ 8,900 சதுர கிலோமீட்டர் இருந்திருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டிலேயே அதில் பெரும்பகுதி உடைந்து மிதந்து போய்விட்டது. அப்படிப் போன துண்டுகள் சாமானியமானவை அல்ல. டி-3 என்று பெயரிட்ட ஒன்றில் 1952-ல் அமெரிக்க விமானப்படை இறங்கி முகாமே போட்டது. 1970-கள் வரை ஆய்வாளர்கள் அதில் ஆர்க்டிக்கைச் சுற்றினார்கள். 1970 ஜூலையில் அந்த மிதக்கும் பனித்தீவில் ஒருவர் சுடப்பட்டு இறந்தார். எந்த நாட்டு மண்ணும் இல்லாத, நகர்ந்துகொண்டே இருக்கும் பனிக்கட்டியில் நடந்த மரணத்துக்கு எந்த நாட்டுச் சட்டம்? அமெரிக்க நீதிமன்றத்தில்தான் வழக்கு நடந்தது. சட்டம் படித்த நண்பர்கள் யாராவது இதை விளக்கமாக எழுதினால் படிக்கக் காத்திருக்கிறேன்.

மிச்சமிருந்த தட்டுகளின் கதை வேகமானது. 2005 ஆகஸ்ட் 13 அன்று 66 சதுர கிலோமீட்டர் கொண்ட எயில்ஸ் தட்டு ஒரு மணி நேரத்துக்குள் பிய்த்துக்கொண்டு போனது. 250 கிலோமீட்டர் தள்ளியிருந்த நிலநடுக்கக் கருவிகள் அதைப் பதிவு செய்தன. ஆள் யாரும் பார்க்கவில்லை, செயற்கைக்கோள் படத்தில்தான் பிறகு கண்டுபிடித்தார்கள். 2008 கோடையில் மார்க்கம் தட்டு முழுதாகப் போனது. 2020 ஜூலை கடைசியில் மில்ன் தட்டு இரண்டே நாளில் 43 சதவீதத்தை இழந்தது. ஆளில்லாத ஆய்வு முகாம் ஒன்றும் அதோடு போயிற்று.

தட்டு உடைந்தால் தட்டு மட்டும் போவதில்லை. டிஸ்ரேலி ஃபியோர்டின் வாயை வார்டு ஹண்ட் தட்டு அணையாக அடைத்துக்கொண்டிருந்தது. நிலத்திலிருந்து உருகி வரும் நன்னீர், கடல்நீரைவிட லேசானது என்பதால், ஃபியோர்டுக்குள் மேலடுக்காக மிதந்து நின்றது. கீழே உப்புக் கடல், மேலே நன்னீர் ஏரி, இரண்டும் ஒரே பள்ளத்தில். 1967-ல் அளந்தபோது அந்த நன்னீர் அடுக்கு 43 மீட்டர் தடிமன். 1999-ல் 28 மீட்டர். 2000-த்திலிருந்து 2002-க்குள் தட்டில் விரிசல் விழுந்து குறுக்கே பிளந்தது. ஏரி முழுவதும் கடலுக்குள் வடிந்துவிட்டது. அதில் வாழ்ந்த நுண்ணுயிர்ச் சமூகத்துக்குப் போக வேறு இடமில்லை. இப்படி ஓர் ஏரியே காணாமல் போவதைக் கண்முன்னால் பார்ப்பது அபூர்வம். பனிப்பாறை உடையும் காணொளிகளைவிட எனக்கு இது பெரிய செய்தி.

நிலத்தின் மேலும் அதே கணக்கு. ஹேசன் பீடபூமியில் செயின்ட் பேட்ரிக் பே பனித்தொப்பிகள் என்று இரண்டு சிறியவை இருந்தன. 1982-ல் மாணவராக அங்கே போய் அளந்தவர் மார்க் செரீஸ். பின்னாளில் அமெரிக்கத் தேசியப் பனித் தரவு மையத்தின் தலைவர். 1959-ல் இருந்த பரப்பில் 2015-ல் மிஞ்சியது வெறும் ஐந்து சதவீதம். ஐந்து வருடத்துக்குள் காணாமல் போகும் என்று 2017-ல் அவரது குழு எழுதியது. 2020 ஜூலை படத்தில் இரண்டுமே இல்லை. காரணம் உயரம். கோடை முடிவில் எந்த உயரத்துக்கு மேல் பனி மிஞ்சுகிறதோ, அந்தக் கோடு மேலே ஏறிப்போய்விட்டது. தாழ்ந்த பீடபூமித் தொப்பிகள் முழுதாக அதற்குக் கீழே மாட்டிக்கொண்டன. கொஞ்சம் உயரத்தில் இருக்கும் மரே, சிம்மன்ஸ் தொப்பிகள் அப்போதைக்குத் தப்பின, ஆனால் அவையும் மெலிந்துகொண்டேதான் வந்தன. தீவின் வடகிழக்கு முனையில் உள்ள அலெர்ட்டில் 2019 ஜூலை 14 அன்று 21 டிகிரி பதிவானது. அலெர்ட் என்பது மனிதர்கள் ஆண்டு முழுக்க இருக்கும் உலகின் ஆக வடக்கு இடம். ராணுவத் தளமும் வானிலை நிலையமும் தவிர ஊரென்று சொல்ல ஒன்றுமில்லை.

ஊர் என்று சொல்ல இருப்பது ஒன்றே ஒன்று, தென்கரையில் கிரைஸ் ஃபியோர்டு. 2021 கணக்கெடுப்பில் 144 பேர். அவர்கள் அங்கே வந்த கதை இனிமையானதல்ல. 1953-ல் கனடா அரசு, க்யூபெக் மாகாணத்தின் வடபகுதியில் உள்ள இனுக்ஜுவாக்கிலிருந்தும், பாண்ட் இன்லெட்டிலிருந்தும் ஆர்க்டிக் பூர்வகுடிகளான இனுவிட் குடும்பங்களைக் கப்பலேற்றி வடக்கே கொண்டுவந்து இறக்கியது. நல்ல வேட்டை கிடைக்கும், பிடிக்காவிட்டால் இரண்டு வருடத்தில் திரும்பலாம் என்று சொன்னார்கள். இனுக்ஜுவாக்காரர்களுக்கு மாதக்கணக்கில் விடியாத இருட்டே புதிது. இங்கத்திய விலங்குகளும் வேறு, கடல்பனியும் வேறு. திரும்பும் வாக்கைக் காப்பாற்றவில்லை. அரசு மன்னிப்புக் கேட்டது 2010-ல். வடகோடியில் கனடாவின் உரிமையை நிலைநாட்ட ஆட்களை நட்டார்கள் என்ற குற்றச்சாட்டை அந்தக் குடும்பங்கள் பல காலமாகச் சொல்லிவருகின்றன. வரைபடத்தில் எல்லை போடுகிறவன் என்ற முறையில் எனக்கு அது நம்பும்படியாகவே இருக்கிறது.

இந்த ஊரின் குடிநீர் பனியாற்று நீர். கோடையில் சில வாரங்கள் மட்டும் ஓடை ஓடும். அப்போது பெரிய தொட்டிகளை நிரப்பிக்கொண்டால்தான் அடுத்த கோடை வரை தண்ணீர். தொட்டி போதாத வருடத்தில் கடலில் நிற்கும் பனிப்பாறையை வெட்டிக் கொண்டுவந்து உருக்கியதும் உண்டு.

நீங்களும் பார்க்க விரும்பினால் சென்டினல் படங்களைக் காட்டும் கோப்பர்நிக்கஸ் பிரௌசர் என்ற இணையதளத்தைத் திறந்து ஹேசன் ஏரியிலிருந்து ஆரம்பியுங்கள், 81.8 வடக்கு, 71 மேற்கு. ஜூலை கடைசி வாரமோ ஆகஸ்ட் முதல் வாரமோ தேர்ந்தெடுங்கள், ஜூனில் போனால் எல்லாம் வெள்ளையாக இருந்து ஏமாற்றும். இயல்பு நிறத்தில் மேகமும் பனியும் ஒன்றாகவே தெரியும். குறு அலை அகச்சிவப்பைச் சேர்த்துப் பாருங்கள், மேகம் வெள்ளையாக நிற்கப் பனி நீலமாகப் பிரிந்துவிடும். ஏரியிலிருந்து மேற்கே நகர்த்தினால் பார்போ பக்கம் போகலாம், அங்கிருந்து வடமேற்கே போனால் மில்ன் ஃபியோர்டு. நீலக் கோடுகளைத் தேட அது நல்ல இடம்.